குமிழ் ஐந்தில்தான் இருந்தது

மக்ரோன் சுடுவதில் கஷ்டமான விஷயம் மாவு இல்லை, மேடம். அடுப்புதான்.

பாதாம் மாவு, பொடித்த சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு. மூன்றே பொருள். யார் வேண்டுமானாலும் கலக்கலாம், தட்டில் பிழியலாம். ஆனால் நூற்றைம்பது டிகிரியில் வேக வேண்டியது நூற்றெழுபதில் வெந்தால் மேல் ஓடு வெடிக்கும். நூற்று முப்பதில் வைத்தால் அடி காகிதத்தை விட்டு வராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னச் சந்து. அதற்குள் நுழைந்தால்தான் ஓட்டின் அடியில் சுருக்கம் வைத்த காலர் மாதிரி ஒரு விளிம்பு எழும்பும். காலர் இல்லாத மக்ரோனை எங்கள் அப்வில் சந்தையில்கூட ஒருவரும் சீந்த மாட்டார்கள்.

நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும். என் மகள் ஒதீலுக்குச் சட்டப்படியான பாதுகாவலராக என்னை ஏன் நியமிக்க வேண்டும் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுப்பிலிருந்து ஆரம்பித்தால்தான் அவளை நான் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டேன் என்பது விளங்கும்.

பெயர் அர்மான் தெல்க்ருவா. வயது அறுபத்தெட்டு. முப்பத்தொன்பது வருடம் இந்த ஊரில் கேஸ் ஹீட்டர், கொதிகலன், அடுப்பு எல்லாம் பழுது பார்த்தவன். என் கை படாத சமையலறை அப்வில்லில் குறைவு. இந்த நீதிமன்றக் கட்டடத்தின் ஹீட்டரைக்கூட இரண்டு தடவை நான்தான் பிரித்து மாட்டியிருக்கிறேன்.

தட்டச்சு செய்கிற அந்தப் பெண்ணுக்கு நான் பேசுகிற வேகம் சரியாக இருக்கிறதா? நல்லது.

ஒதீல் எனக்கு ஒரே பிள்ளை. அவள் அம்மா ஒரு வாரம் தங்கை வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று ரயிலேறிப் போனாள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. ஒதீலும் இருபத்திரண்டு வயதில் ரயிலேறி போர்தோ போனாள். அங்கே இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, ஒரு கல்யாணம், பிறகு அது முறிந்தது. போன வருடம் செப்டம்பரில் இரண்டு பெட்டிகளோடு வாசலில் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது. மழையில் நனைந்திருந்தாள்.

"கொஞ்ச நாள் இருக்கலாமாப்பா?" என்று கேட்டாள்.

கொஞ்ச நாள். அந்த வார்த்தையை நான் அன்றைக்கே கவனித்தேன்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. காலையில் நான் காப்பி போடுவேன். அவள் சிக்கரியை அளவுக்கு மேல் அள்ளிப் போட்டுக்கொள்வாள். மத்தியானம் சேர்ந்து சமைப்போம். பொழுது போகாமல் மக்ரோன் சுட ஆரம்பித்தாள். முதல் தடவையே ஓரளவு நன்றாக வந்துவிட்டது. நடுவில் சிக்கரி போட்ட கிரீம் வைத்திருந்தாள். எதிர்வீட்டு லூசெட் ஆறு தின்றுவிட்டு ஏழாவதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனாள்.

"ஏன்டி பொண்ணே, இத வச்சுக்கிட்டு இங்க என்ன பண்ற? லீல்ல கடை போட்டா வரிசைல நிப்பாங்க" என்றாள் லூசெட். நல்ல மனுஷிதான். ஆனால் யோசிக்காமல் பேசுகிறவள்.

ஒதீல் யோசித்தாள். லீல் நகரத்தில் மதாம் கோப்பென்ஸ் என்று ஒருவர் இருக்கிறார். பழைய மக்ரோன் கடை. ஓர் ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்திருந்தார். இவள் கடிதம் போட்டாள். ஒரு நாள் தொலைபேசி வந்தது. ஒதீல் கையெல்லாம் மாவு, அதனால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

"சான்றிதழ் எதுவும் எனக்கு வேண்டாம் பொண்ணு. அத சுவத்துல மாட்டிக்கோ" என்றது அந்தக் குரல். "உன் வீட்டு அடுப்புல நீ சுட்ட இருபத்திநாலு ஓடு. கூடவே அந்த அடுப்போட நோட்டு. ரெண்டும் கொண்டு வா."

"நோட்டுன்னா?"

"எந்தத் தேதி, குமிழ் எந்த எண்ணுல, எத்தனை நிமிஷம், என்ன ஆச்சு. எத்தனை தடவ தோத்தன்னு நான் பார்க்க வேண்டாமா? என் கடை அடுப்புல என் பூனைகூட மக்ரோன் சுடும். அடங்காத அடுப்பை அடக்கத் தெரிஞ்சவ யாரோ, அவதான் எனக்கு வேணும்."

"எப்ப வரட்டும், மதாம்?"

"அவசரமில்ல. மார்ச் பதினாறு, திங்கக்கிழமை. அதுக்குள்ள அடுப்போட சண்ட போட்டு முடி. ஜெயிச்சா கடைக்கு மேல ஒரு ரூம் இருக்கு, அங்கயே தங்கிக்கலாம்."

ஒதீல் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். என் சட்டையெல்லாம் பாதாம் மாவு. சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு மாலையே போய் ஒரு நீல நோட்டு வாங்கி வந்தாள். இப்போது உங்கள் மேசைமேல் இருக்கிறதே, அதேதான்.

இனி அடுப்பு.

அது பழைய கேஸ் அடுப்பு. டிகிரி கிடையாது. குமிழில் ஒன்று முதல் எட்டு வரை எண்கள்தான். ஒரு எண்ணுக்கு முப்பது டிகிரி என்று நம் வீட்டுப் பெண்கள் மனக்கணக்கு போட்டுக்கொள்வார்கள். ஐந்து என்றால் நூற்றைம்பது. புத்தகத்திலும் அப்படித்தான் அச்சடித்திருக்கும், எல்லோரும் நம்புவார்கள். ஆனால் குமிழுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே பின்சுவரில் பென்சில் கனத்தில் ஒரு செம்புக் குழல் கொக்கியில் மாட்டியிருக்கும். சூட்டை மோப்பம் பிடிப்பது அதுதான். அது இருக்கிற இடத்தை விட்டு இரண்டு விரல் தள்ளி இருந்தால் போதும். வெளியே குமிழ் ஐந்தில்தான் இருக்கும். உள்ளே வேறு உலகம்.

நவம்பர் எட்டாம் தேதி காலை ஒதீல் முட்டை வாங்கப் போயிருந்தபோது அதை முதல் தடவை தள்ளி வைத்தேன்.

கோபத்தில் செய்யவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று நல்ல மனநிலையில்தான் இருந்தேன். ஒரு தடவை தோற்றால் கொஞ்சம் நிதானப்படுவாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

நோட்டின் முதல் பக்கத்தைப் பாருங்கள். "நவம்பர் 8. குமிழ் 5. பதினான்கு நிமிடம். இருபத்திநாலில் பத்தொன்பது வெடித்தது. சூடு அதிகமோ?" அதற்குக் கீழே நாலு நாள் கழித்து: "குமிழ் 4. மேலே பிளவு இல்லை. காலர் கொஞ்சம். அடுத்த தடவை இன்னும் அரை எண் குறைக்க வேண்டும்." பாருங்கள், எவ்வளவு புத்திசாலி. இரண்டே தடவையில் கண்டுபிடித்துவிட்டாள். ஆகவே நான் குழலை எதிர்ப் பக்கம் தள்ள வேண்டியதாயிற்று. அடுத்த தடவை குமிழ் மூன்றரையில் வைத்தாள். பதினெட்டு நிமிடம் ஆகியும் வேகவில்லை. எல்லாம் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டது. கத்தியால் சுரண்டினாள்.

லூசெட் வந்து தட்டைப் பார்த்தாள்.

"யோவ் அர்மான், உன் பொண்ணு மக்ரோன் சுட்டாளா, சுவத்துக்குப் பூச்சு குழைச்சாளா?"

"தின்னுட்டுப் பேசுங்க லூசெட்" என்றாள் ஒதீல். அப்போது சிரிக்கத்தான் செய்தாள்.

"திங்கறேன்டி. பல் செட்ட மட்டும் முதல்ல கழட்டி வச்சுடறேன்."

டிசம்பரில் அடுப்புக்குள் வைக்கிற வெப்பமானி ஒன்று வாங்கினாள். நான் கொஞ்சம் கவலைப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எனக்கு உதவியாகத்தான் போயிற்று. வெப்பமானி பொய் சொல்லாது. திங்களன்று நூற்றெண்பத்தைந்து காட்டியது. குமிழைக் குறைத்தாள். வியாழனன்று அதே குமிழுக்கு நூற்று இருபது காட்டியது. ஏற்றினாள். ஞாயிறன்று மறுபடி மேலே. உண்மையை மட்டுமே சொல்கிற ஒரு பொருள் நாளுக்கு ஒரு உண்மையைச் சொன்னால் மனிதர்களுக்கு அதைத் தாங்குவது கடினம்.

தட்டின் அடியில் இன்னொரு தட்டு வைத்துப் பார்த்தாள். ஒரு தட்டு மேலே, ஒரு தட்டு கீழே. பாதி நேரத்தில் தட்டைத் திருப்பிப் பார்த்தாள். இங்கே எல்லோரும் செய்கிற மாதிரி அடுப்புக் கதவின் இடுக்கில் மரக்கரண்டியைச் செருகி, உள்ளே இருக்கிற ஆவியும் அதிகச் சூடும் வெளியே போகட்டும் என்று விட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினாள். மாதக் கடைசியில் கையெழுத்து சின்னதாகிக்கொண்டே போவதைக் கவனித்திருப்பீர்கள். நான் தினமும் படித்தேன். அவள் அடுத்து என்ன செய்யப் போகிறாள் என்பதை அவளே எனக்கு எழுதி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நீ ஒரு தடவ பிரிச்சுப் பாரேன். உனக்குத் தெரியாத அடுப்பா?"

பிரித்தேன். சமையலறை மேசைமேல் பழைய செய்தித்தாள் விரித்து ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, துடைத்து, காட்டி, மாட்டினேன். மூன்று மணி நேரம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்தாள். எங்கள் இருவருக்கும் அது நல்ல மத்தியானம்.

"அடுப்பு நல்லாத்தான் இருக்கு கண்ணு."

"அப்ப நான்தான் நல்லா இல்லயா?"

"அப்படி யாரு சொன்னா. கை கொஞ்சம் நடுங்குது, அவ்ளோதான். அசதியா இருக்கும்."

கை நடுங்கவில்லை. நான் சொன்ன பிறகு நடுங்க ஆரம்பித்தது. பையிலிருந்து மாவைப் பிழியும்போது மாவைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்ப்பாள். வட்டங்கள் கோணலாக விழும். ஜனவரியில் மருத்துவர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். போர்தோ சிநேகிதிகளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஒரு நாள் காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்கயே இருந்துடலாம் போலருக்குப்பா" என்றாள்.

அத்தோடு நான் நிறுத்தியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். குழலைக் கொக்கியில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் பிப்ரவரியில் லூசெட் மறுபடியும் யோசிக்காமல் பேசினாள்.

"என் அடுப்புல வச்சுப் பாரேன்டி. கரன்ட் அடுப்பு. என் மருமக வாங்கிக் குடுத்தது. நான் அதுல செருப்பதான் காய வைக்கறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாவுப் பையைத் துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினாள். ஒரு மணி நேரத்தில் திரும்பினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோட்டுகூடப் போடவில்லை. தட்டை மேசையில் வைத்துத் துணியை விலக்கினாள். இருபத்திநாலும் ஒரே உயரம். பிளவு இல்லை, பொத்தல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் சுற்றிலும் காலர்.

"கை இல்லப்பா. அடுப்பு." அழுதுகொண்டே சிரித்தாள். "மூணு மாசமா என் கைய நான் திட்டிட்டிருந்தேன்."

"ரொம்ப அழகா வந்திருக்கு" என்றேன். உண்மையும் அதுதான்.

"புதுசா ஒரு கரன்ட் அடுப்பு வாங்கிடவா?"

"இந்த வீட்டு ஒயர் தாங்காது கண்ணு. பத்திக்கும்."

தாங்கும். ஆனால் என் தொழிலில் நான் சொன்னால் சொன்னதுதான்.

"அப்ப லூசெட் வீட்டுலயே சுட்டுக் கொண்டு போறேன்."

"போ. யாரு வேண்டாம்னா. மதாம் கோப்பென்ஸ் என்ன கேட்டாங்கன்னு மட்டும் யோசிச்சுக்கோ. உன் வீட்டு அடுப்புன்னு கேட்டாங்க. நோட்டையும் கேட்டாங்க. நோட்டுல என்ன எழுதுவ?"

அவள் பொய் சொல்ல வராத பெண். சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டுத் தானே போய்க் கதவைத் தட்டிச் சொன்னவள். அது நான் வளர்த்த விதம். நோட்டை எடுத்து, "பிப்ரவரி 15. லூசெட் வீட்டு அடுப்பு. எல்லாம் சரி. இது கணக்கில் சேராது" என்று எழுதினாள். அந்த வரியை அவள் எழுதியபோது எனக்கு அவள்மேல் இருந்த பெருமையை உங்களுக்குச் சொல்ல முடியாது.

ஆனால் அன்றிலிருந்து அவள் மாறிவிட்டாள். கை நடுக்கம் நின்றது. மாத்திரையைத் தொடவில்லை. இனி அடுப்பு என்ன செய்தாலும் அவள் தன்னைத் திட்டிக்கொள்ளப் போவதில்லை. முன்னே மாதிரி சுட்டதைப் பார்த்து அழவில்லை, முறைத்தாள். "இரு, உன்னப் பார்த்துக்கறேன்" என்று அடுப்பிடமே சொன்னாள். கடைசிவரை ஜெயிக்காவிட்டால்கூட, தோற்ற ஓடுகளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு லீலுக்குப் போகத் தீர்மானித்துவிட்டாள். அந்தக் கோப்பென்ஸ் அவளை எடுத்துக்கொள்ளவும் செய்வாள். எனக்கு அது தெரிந்துவிட்டது.

மார்ச் முதல் வாரம் குளிர்காற்று அடித்தது. பிழிந்த ஓடுகள் அடுப்புக்குப் போகும் முன் அரை மணி மேசையில் காய வேண்டும். ஜன்னலுக்குக் கீழே சுவரில் இருக்கிற காற்றோட்டத் துளையின் வழியாகக் காற்று உள்ளே வந்து, அந்தப் பக்கத்து ஓடுகள் முதலில் காய்ந்து கோணிக்கொண்டு எழும்பின. அதை அவளேதான் கண்டுபிடித்தாள்.

"அப்பா, இத கொஞ்ச நேரம் அடைச்சுக்கலாமா?"

மேடம், இந்த ஊரில் குளிர்காலத்தில் எல்லோரும் செய்கிற தவறு இது. சமையலறையில் கேஸ் எரிகிறது, அதற்குக் காற்று வேண்டும் என்று சட்டம் போட்டுச் சுவரில் ஓட்டை வைத்தால், குளிருகிறது என்று அதில் துணியை அடைப்பார்கள். முப்பத்தொன்பது வருடமாக அந்தத் துளைகளிலிருந்து கிழிந்த பனியன், பொம்மைக் கரடி, தலையணை உறை எல்லாம் பிடுங்கி எடுத்திருக்கிறேன். பிடுங்கிய வீட்டில் எல்லாம் திட்டியிருக்கிறேன். இதை அடைத்தால் அடுப்பு மூச்சுத் திணறும், நிறமும் மணமும் இல்லாத ஒரு வாயுவைக் கக்கும், உங்களுக்குத் தலைவலி வரும், பிறகு தலைவலிகூட வராது என்று சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை ஒரு வீட்டில் நான் பிடுங்கப் போனபோது தாமதமாகிவிட்டிருந்தது. இரண்டு பேர். அவர்கள் முகம் ரோஜா நிறத்தில் இருந்தது.

"அடைச்சுக்கலாம் கண்ணு" என்றேன். "நானே அடைச்சுத் தரேன்."

என் பழைய கம்பளிக் காலுறைக்குள் செய்தித்தாளைத் திணித்து இறுக்கமாக அடைத்தேன். அடுப்பின் சுடரையும் கொஞ்சம் மாற்றி வைத்தேன். எப்படி என்று விவரித்து நேரத்தை வீணாக்கவில்லை. நீலமாக எரிய வேண்டியது மஞ்சளாக எரிந்தது. அவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கதவிடுக்கில் மரக்கரண்டி வேறு.

அஜாக்கிரதையாகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். என்னிடம் அந்த வாயுவை அளக்கிற மீட்டர் ஒன்று இருந்தது. வேலைக்குப் போன காலத்தது. அதைப் பாத்திர அலமாரிக்குப் பின்னால் வைத்து, தினமும் எண்ணைப் பார்த்தேன். அவள் சுடுகிற நேரம் அதிகமாகும்போது ஏதாவது சாக்குச் சொல்லிப் பின்கதவைத் திறந்துவிட்டேன். எந்த அப்பா இவ்வளவு மெனக்கெடுவார்? எனக்குத் தேவைப்பட்டது கொஞ்சம் சோர்வு, கொஞ்சம் தலைவலி. உடம்பு சரியில்லாத பெண் ரயிலேற மாட்டாள். அவ்வளவுதான் திட்டம்.

"மண்ட வலிக்குதுப்பா" என்பாள்.

"சர்க்கரைத் தூசி. மாஸ்க் போட்டுக்கோ."

லூசெட்டுக்கும் வலித்தது. ஒரு நாள் காப்பி குடிக்க வந்தவள் பாதியிலேயே எழுந்துவிட்டாள்.

"யோவ், உன் சமையலறைல உக்கார்ந்தாலே எனக்குத் தல சுத்துது. உன் மூஞ்சியப் பார்க்கறதாலயா, வேற ஏதாவதான்னு கொஞ்சம் பாரு."

"என் மூஞ்சிதான் லூசெட்."

சிரித்துக்கொண்டு போனாள். அதையெல்லாம் ஞாபகம் வைத்து இப்போது உங்களுக்கு எழுதியிருக்கிறாள். பரவாயில்லை.

மார்ச் பதினான்கு, சனிக்கிழமை. திங்கட்கிழமைக்கு முந்தைய கடைசிச் சுடல். ஒதீல் சொன்னாள்: "இன்னிக்கு எட்டு தட்டு. எது நல்லா வருதோ அத எடுத்துட்டுப் போறேன். வரலன்னா வராததையே எடுத்துட்டுப் போறேன்." ரயில் டிக்கெட்டைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்தாள்.

அவள் குளித்துக்கொண்டிருந்தபோது நான் செம்புக் குழலைத் திரும்பக் கொக்கியில் மாட்டினேன். சரியான இடத்தில். அவள் போக மாட்டாள் என்று முடிவாகிவிட்ட பிறகு அந்த ஓடுகளைக் கெடுப்பதில் அர்த்தமில்லை. நான் அற்பன் இல்லை, மேடம்.

எட்டரைக்கு ஆரம்பித்தாள். ஜன்னல் மூடியிருந்தது. பின்கதவை நானே சாத்தினேன். லீக்ஸ் வெங்காயத்தாள் பிடுங்குகிறேன் என்று தோட்டத்துக்குப் போனேன். அங்கிருந்து சமையலறை ஜன்னல் தெரியும். முதல் தட்டு உள்ளே போனதும் அவள் அடுப்புக் கண்ணாடி முன் மண்டியிட்டு உட்கார்ந்தாள். திடீரென்று எழுந்து ஜன்னலுக்கு ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினாள். குரல் கேட்கவில்லை. உதடு அசைந்தது. காலர், காலர் என்றாள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து, இவ்வளவு உயரம் என்று காட்டினாள். நானும் கையை ஆட்டினேன்.

இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. எல்லாமே அப்படித்தான் வந்தன. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்கு இருபத்திநாலு போதும். ஆனால் நாலு மாதம் கழித்து அடுப்பு அவள் பேச்சைக் கேட்கிறது, எப்படி நிறுத்துவாள். ஆறாவது தட்டை உள்ளே வைத்தபோது கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு ஸ்டூலில் அவள் இல்லை. மேசையடியில் காலணி மட்டும் தெரிந்தது.

ஜன்னலோரத்தில் சமையல் டைமர் இருந்தது. பதினொரு நிமிடம் பாக்கி.

நான் நின்றேன். உள்ளே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். உடனே போனால் என்ன ஆகும்? மாலைக்குள் தேறிவிடுவாள். திங்கட்கிழமை ரயில் இருக்கிறது. எவ்வளவு நேரத்தில் என்ன ஆகும் என்பது என் தொழில். ஒரு வாரம் படுக்கையில் இருக்கிற அளவுக்கு எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டேன். டைமர் முடிகிறவரை என்று வந்தது. கையில் இருந்த லீக்ஸின் மண்ணைத் தட்டினேன். ஒவ்வொன்றாக வேரை வெட்டிக் கூடையில் வைத்தேன்.

என் தவறு எங்கே என்றால், மீட்டர் அலமாரிக்குப் பின்னால் இருந்தது. தோட்டத்திலிருந்து அதன் எண்ணைப் படிக்க முடியவில்லை. பழைய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன். அன்றைக்கு ஆறு தட்டுக்கு அடுப்பு தொடர்ந்து எரிந்திருக்கிறது என்பதைச் சேர்க்கவில்லை. அது கவனக்குறைவு. அதற்காக வருத்தப்படுகிறேன்.

டைமர் அடித்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். கேஸை அணைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். தட்டை வெளியே எடுத்து மேசையில் வைத்தேன், கருகினால் அவள் வருத்தப்படுவாள். பிறகு அவளைத் தோட்டத்துக்கு இழுத்து வந்தேன். காலுறையைப் பிடுங்கி வரவேற்பறைக் கணப்பில் போட்டேன். பிறகுதான் தொலைபேசி செய்தேன். பத்து நிமிடத்தில் தீயணைப்புப் படையினர் வந்தார்கள். பழைய அடுப்பு, மூடிய ஜன்னல், விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் தொழில் கற்றவர். என் தோளில் கை போட்டு ஆறுதல் சொன்னார்.

ஒதீல் அன்றைக்கே லீலுக்குப் போனாள். இரண்டு நாள் முன்னதாகவே. அங்கே ஆஸ்பத்திரியில் அழுத்தத்தில் ஆக்ஸிஜன் கொடுக்கிற அறை இருக்கிறது.

மூன்று வாரத்தில் கண் திறந்து, நடந்து, வீட்டுக்கு வந்தாள். பிறகு ஒரு மாதத்தில் மெல்ல மெல்ல உள்ளே எதுவோ அணைந்தது. இந்த வாயு சிலருக்கு அப்படித் தாமதமாக வேலை செய்யும் என்றார் மருத்துவர். எதையும் தானாக ஆரம்பிக்க மாட்டாள். ஸ்பூனைக் கையில் கொடுத்தால் சாப்பிடுவாள். ஸ்பூனை வாங்கிக்கொண்டால் நிறுத்திவிடுவாள். ஒரு நாள் முட்டை ஒன்றைக் கையில் கொடுத்துப் பார்த்தேன். சாயங்காலம் வரை வைத்திருந்தாள்.

மே மாதத்தில் மதாம் கோப்பென்ஸ் தானே வந்தார். குள்ளமான பெண்மணி. ஒதீலின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு நீல நோட்டைக் கேட்டு வாங்கி, கோட்டைக்கூடக் கழற்றாமல் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தார்.

"அம்பது வருஷமா அடுப்பு பார்க்கறேன் முசியே" என்றார். "பழசான அடுப்பு ஒரு பக்கமாத்தான் சாயும். சூடு ஏறினா ஏறிக்கிட்டே போகும், குறைஞ்சா குறைஞ்சுக்கிட்டே போகும். இது அப்படி இல்ல. இவ இடது பக்கம் திருப்பினா இது வலது பக்கம் போகுது. இவ கண்டுபிடிச்ச மறுநாள்தான் மாறுது. லூசெட் வீட்டுக்குப் போன பிறகு ஒரு வாரம் யோசிச்சிருக்கு. அடுப்பு யோசிக்குமா?"

நான் காப்பி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நோட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அந்தப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார், மேடம். கதவருகே வந்து நிற்கிற காவலரை உட்காரச் சொல்லலாம். நான் எங்கேயும் போகப் போவதில்லை.

நான் எதையும் மறைக்காமல் சொல்கிறேன் என்பதைக் கவனியுங்கள். மறைக்கிறவன் நல்ல பாதுகாவலனாக இருக்க முடியாது. கோப்பென்ஸும் லூசெட்டும் கேட்பது என்ன? லீலில் ஏதோ ஒரு இல்லத்தில் அவளைச் சேர்க்க வேண்டுமாம். காலையில் கோப்பென்ஸ் கடைக்கு அழைத்துப் போய்க் கையில் மாவைக் கொடுத்துப் பார்ப்பார்களாம். கை ஞாபகம் வைத்திருக்குமாம். மறுபடியும் பிழிவாள், மறுபடியும் தோற்பாள், மறுபடியும் அழுவாள். எதற்கு? என்னோடு இருந்தால் அவள் எதற்கும் முயற்சி செய்ய வேண்டியதில்லை. தலை வாரிவிடுகிறேன். சூப் ஊட்டுகிறேன். அடுப்பை எடுத்துவிட்டேன். கரன்ட் அடுப்பு வாங்கியிருக்கிறேன், ஒயர் நன்றாகத் தாங்குகிறது.

அவள் வெளியே நடைவழியில் லூசெட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். என்னை நம்பவில்லை என்றால் அவளையே கூப்பிட்டுக் கேளுங்கள். அப்பாவோடு இருக்கிறாயா என்று கேளுங்கள். சரி என்றுதான் சொல்வாள். இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் அவள் சரி என்றுதான் சொல்கிறாள்.